ரசித்த படத்தை மறுபடி பார்ப்பது

சந்தாபுராவில் நிகழ்த்தப்பட்ட பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்

2023 ஜூன் 1 அன்று சென்னையில் 'மாமன்னன்' படத்தின் இசை வெளியீட்டு விழா நடந்தது. சிறப்பு விருந்தினராக வந்திருந்தவர் கமல்ஹாசன். மேடையேறிய இயக்குநர் மாரி செல்வராஜ், 1992 தீபாவளிக்கு வந்த 'தேவர் மகன்' தம்மை எப்படி அலைக்கழித்தது என்பதை, அதை எழுதி நடித்தவர் முன்னிலையிலேயே சொன்னார். அந்தப் படம் தந்த வலியிலிருந்துதான் 'மாமன்னன்' பிறந்தது என்றும், 'தேவர் மகன்' படத்தில் வரும் இசக்கிதான் தம்முடைய மாமன்னன் என்றும் விளக்கினார். கமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு 'மாமன்னன்' படத்தைப் பாராட்டியும் பேசினார். அவருடைய ரசிகர்களில் ஒரு பகுதியினருக்கு அந்தப் பொறுமை இல்லை. சமூக ஊடகங்களில் மாரி செல்வராஜ் மீது வசை நாட்கணக்கில் பொழிந்தது. நேசித்த பழைய படைப்பில் உள்ள இழிவை யாராவது சுட்டிக்காட்டினால் என்ன நடக்கிறது என்பதற்குத் தமிழில் இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

'தேவர் மகன்' சாதாரணப் படமல்ல. பரதன் இயக்கம், இளையராஜா இசை, சிவாஜி கணேசன் தம் பிற்காலத்தில் தந்த மிகச் சிறந்த நடிப்பு, ஐந்து தேசிய விருதுகள். திரைக்கதை எழுதக் கற்பவர்களுக்கு இன்றும் அது பாடம். படம் முடியும்போது அரிவாளைக் கீழே போடுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று நாயகன் கெஞ்சுகிறான். ஆனால் அந்தக் கெஞ்சலுக்கு முன் இரண்டு மணி நேரம் திரையை நிறைத்திருப்பது மீசையும் சாதிப் பெருமையும்தான். பெரிய வீட்டை அண்டி வாழும் இசக்கியாக வடிவேலு நடித்தார். நாயகன் சொன்னதற்காகப் பூட்டிக் கிடந்த கோயிலின் பூட்டைத் திறந்துவிடுகிறான் இசக்கி. அதற்குத் தண்டனையாக அவன் கை வெட்டப்படுகிறது. வெட்டச் சொன்னவனும் வருந்துபவனும் ஒரே வம்சம்; கையை இழந்தவன் மட்டும் வெளியாள். இனி எல்லாவற்றுக்கும் ஒரே கைதானே என்று தன் இழப்பை அவனே நகைச்சுவையாக்கிச் சொல்ல, அரங்கு சிரிப்பும் கண்ணீருமாக அதை ஏற்றுக்கொண்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது. இசக்கியின் வீடு எப்படி இருந்தது, வெட்டுண்ட கையோடு அவன் பிழைப்பு என்னவாயிற்று என்ற கேள்விகளுக்குக் கதையில் இடம் ஒதுக்கப்படவில்லை. திருநெல்வேலிப் பக்கத்தில் இசக்கியைத் தன் தகப்பன் சாயலில் பார்த்த ஒரு சிறுவனுக்கு அந்த இடம்தான் படம் முழுவதும்.

படத்துக்கு வெளியே நடந்தது இன்னும் கனமானது. கதைக்குள் ஒரு குடும்பத்தின் புகழாக எழுதப்பட்ட பாடல், கதையை விட்டுக் கழன்று, ஊர்வலங்களிலும் திருவிழாக்களிலும் ஒலிபெருக்கி வழியே சாதியின் கொடிப்பாட்டாக மாறியது. தொண்ணூறுகளின் தென் மாவட்டங்கள் எப்படி இருந்தன என்பதை, தலித் மக்கள் மீது வன்முறை நிகழ்ந்த 1995-இன் கொடியன்குளமும் 1997-இன் மேலவளவும் சொல்லும். அந்த ஆண்டுகளில் எந்தத் தெருமுனையில், யார் வீட்டு வாசலில் அந்தப் பாடல் போடப்பட்டது என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறியது. ஒரு தெருவில் அது கொண்டாட்டம். அடுத்த தெருவில் மிரட்டல். பாடலை எழுதியவரோ இசையமைத்தவரோ இதை எண்ணியிருக்க மாட்டார்கள் என்பதை ஏற்றுக்கொண்டாலும், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவருக்கு அதனால் ஆறுதல் எதுவும் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாரி செல்வராஜ் வெளியிலிருந்து வந்து கல்லெறிந்தவர் அல்லர். கமலின் படங்களைப் பார்த்து, அவற்றால் ஈர்க்கப்பட்டு, அதே கலைக்குள் வந்தவர். பிடிக்காத படம் யாரையும் முப்பது ஆண்டு துரத்தாது. அமெரிக்காவில் 'தி சிம்ப்ஸன்ஸ்' தொடரில் 1990 முதல் வரும் அபு என்ற இந்தியக் கடைக்காரர் பாத்திரம் குறித்து, 2017-இல் ஹரி கொண்டபோலு என்ற நகைச்சுவைக் கலைஞர் ஓர் ஆவணப்படம் எடுத்தார். அவரும் அந்தத் தொடரின் தீவிர ரசிகர். பள்ளியில் சக மாணவர்கள் அபுவின் குரலில் தம்மைக் கேலி செய்ததைச் சொல்லிக்கொண்டே, தொடரை எவ்வளவு ரசித்தார் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அபுவுக்குக் குரல் கொடுத்து வந்த ஹாங்க் அசாரியா 2020-இல் அந்தப் பாத்திரத்திலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு மன்னிப்பும் கேட்டார். இத்தகைய விமர்சனங்களில் மிகக் கூர்மையானவை ரசிகரிடமிருந்தே வருகின்றன. வேறு யாரும் அவ்வளவு உன்னிப்பாகப் பார்ப்பதும் இல்லை.

அப்படியானால் சக ரசிகர்கள் ஏன் கொதிக்கிறார்கள்? இதற்கு ரசிகர் மன்றம் என்ற அமைப்பின் வேரைப் பார்க்க வேண்டும். மானுடவியலாளர் சாரா டிக்கி மதுரையில் ஆய்வு செய்து 1993-இல் வெளியிட்ட நூல், மன்றங்களில் திரண்டவர்கள் பெரும்பாலும் நகர்ப்புற ஏழை இளைஞர்கள் என்பதைக் காட்டியது. ஆட்டோ ஸ்டாண்டிலும் பட்டறையிலும் நாள் முழுக்க ஏச்சு வாங்குபவருக்கு, மன்றச் செயலாளர் என்ற பெயரும், முதல் நாள் முதல் காட்சியில் கட்-அவுட்டுக்கு மாலை போடும் உரிமையும், ரத்ததான முகாமில் கிடைக்கும் மரியாதையும் சிறிய விஷயங்கள் அல்ல. நட்சத்திரத்தின் மானமும் தன் மானமும் அவருக்கு ஒன்றாகிவிடுகின்றன. படத்தில் பிழை இருக்கிறது என்று சொன்னால் நீ பிழையானவன் என்று சொன்னதாகவே அவர் காதில் விழுகிறது. இந்தக் காயத்தை ஏளனம் செய்யும் விமர்சகர் எதையும் மாற்றப் போவதில்லை.

காயம் புரிந்துகொள்ளத் தக்கது. அதிலிருந்து எழும் வன்மம் அப்படியல்ல. 2017 ஆகஸ்டில் பத்திரிகையாளர் தன்யா ராஜேந்திரன் ஓர் இந்திப் படத்தைக் குறைசொல்லும்போது விஜய்யின் 'சுறா' படத்தைப் போகிற போக்கில் குறிப்பிட்டார். அவர் பெயரைக் குறித்துப் பல்லாயிரக்கணக்கான ட்வீட்கள் குவிந்தன; பெரும்பகுதி ஆபாசம். பெண்களை மதிக்க வேண்டும் என்று விஜய் அறிக்கை விட நேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் நடிகை பார்வதி, மம்மூட்டி நடித்த 'கசபா' (2016) படத்தில் பெண்களை நாயகன் நடத்தும் விதத்தைக் கண்டித்தார். அவருக்கு வந்த மிரட்டல்கள் காவல்துறை கைது செய்யும் அளவுக்குப் போயின. இரண்டிலும் பேசியவர் பெண். விமர்சனத்துக்குப் பதில் வரவில்லை. அவருடைய உடலையும் ஒழுக்கத்தையும் பற்றிய வசைதான் வந்தது. படத்தில் எந்த இழிவு இருக்கிறதா இல்லையா என்று விவாதிக்க வேண்டியிருந்ததோ, அதே இழிவைத் தங்கள் விரல்களாலேயே தட்டச்சு செய்து காட்டினார்கள்.

பழைய படங்களுக்கு ஆதரவாக நாகரிகமாகப் பேசுபவர்கள் முன்வைக்கும் வாதங்கள் மூன்று. அந்தக் காலம் அப்படி, நோக்கம் நல்லது, அது வெறும் நகைச்சுவை. மூன்றும் தனித்தனியே ஆராயத் தக்கவை.

'அந்தக் காலம் அப்படி' என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. 1972-இல் சிவாஜியும் ஜெயலலிதாவும் நடித்த 'பட்டிக்காடா பட்டணமா' வெளியானது. பி. மாதவன் இயக்கிய அந்தப் படம் தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. படித்த, பணக்கார, பிடிவாதமுள்ள மனைவியைக் கிராமத்துக் கணவன் சாட்டையால் அடித்து வழிக்குக் கொண்டுவருவது அதன் உச்சக் காட்சிகளில் ஒன்று. அரங்குகள் ஆர்ப்பரித்த காட்சி. ஆனால் அதற்கு இரண்டே ஆண்டு கழித்து, 1974-இல், ஒரு குடும்பத்தையே தோளில் சுமக்கும் பெண்ணின் களைப்பையும் கோபத்தையும் சொன்ன பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' வந்தது. 1978-இல் ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' வந்தது. ஆண்களின் முற்போக்கு எங்கே முடிகிறது என்று ஸ்ரீப்ரியாவின் பாத்திரம் அதில் முகத்துக்கு நேரே கேட்டது. சாதியிலும் இதே கதைதான். 'தேவர் மகன்' வருவதற்கு ஐந்தாண்டு முன்பே, 1987-இல், பாரதிராஜா 'வேதம் புதிது' எடுத்துவிட்டார். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதியைப் பற்றி ஒரு சிறுவன் கேட்கும் கேள்வி அந்தப் படத்தின் மையம். சுயமரியாதை இயக்கம் பெயர்களிலிருந்து சாதியை உதறச் சொன்னது அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்.

ஆக, அந்தக் காலம் ஒரே குரலில் பேசவில்லை. அடிக்கும் கணவனை ரசித்தவர்களும் வெறுத்தவர்களும் ஒரே ஊரில், சில சமயம் ஒரே வீட்டில் இருந்தார்கள். எதிர்த்தவர்களின் குரல் அரங்கின் விசிலில் கேட்கவில்லை, அவ்வளவே. காலத்தின் மேல் பழியைப் போடும்போது, அந்தக் காலத்திலேயே வேண்டாம் என்று சொன்ன மனிதர்கள் அழிந்துபோகிறார்கள். இந்த வாதத்தின் பெரிய அநியாயம் அதுதான்.

நோக்கம் பற்றிய வாதத்துக்கு 'மாமன்னன்' படத்தின் பின்கதையே பதில் சொல்கிறது. 'தேவர் மகன்' படத்தில் இசக்கியாக நடித்த அதே வடிவேலு, இதில் தனித்தொகுதி சட்டமன்ற உறுப்பினராக, தலைப்பு நாயகனாக வருகிறார். சொந்தக் கட்சிக்காரன் முன் நாற்காலியில் உட்கார முடியாமல் நிற்கும் அந்த மனிதரின் உடல்மொழி, வடிவேலுவின் முப்பதாண்டு நகைச்சுவைப் பழக்கத்தையே தலைகீழாகத் திருப்பிப் போட்டது. எதிர்நாயகன் ரத்னவேலாக ஃபஹத் ஃபாசில். சாதி வெறியை இவ்வளவு வெளிப்படையாகக் கண்டித்த படத்துக்கு, ஓடிடியில் வந்தவுடன் என்ன நடந்தது? ரத்னவேலின் காட்சிகளை வெட்டி, வெவ்வேறு சாதிப் பெருமைப் பாடல்களைப் பின்னணியில் ஒட்டி, எங்கள் ஆள் என்று இளைஞர்கள் பரப்பினார்கள். பல சாதிகள் அவனுக்கு உரிமை கொண்டாடின. இயக்குநர் வில்லனாகச் செதுக்கியவன் சில நாட்களில் நாயகனாகிவிட்டான். நோக்கம் நேர்மையாக இருந்த படத்துக்கே இந்த கதி என்றால், படம் தயாரானவுடன் நோக்கம் படைப்பாளியின் கையை விட்டுப் போய்விடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இழிவு பாதி படச்சுருளில் இருக்கிறது. மீதி, படத்தை எடுத்துப் பயன்படுத்தும் கைகளில்.

1994 தீபாவளிக்கு வந்த கே. எஸ். ரவிகுமாரின் 'நாட்டாமை' இன்னொரு வகை. அதன் ஆலமரத்தடித் தீர்ப்புக் காட்சிகள் இன்றும் மீம்களில் சிரிக்க வைக்கின்றன. முன்கதையில் பழைய நாட்டாமை ஒரு வழக்கை விசாரிக்கிறார். அவருடைய சொந்த உறவுக்காரன் ஓர் ஏழைத் தொழிலாளியின் மகளைப் பலாத்காரம் செய்துவிட்டான். உறவென்றும் பாராமல் நாட்டாமை தீர்ப்புச் சொல்கிறார்: அவன் அந்தப் பெண்ணையே மணக்க வேண்டும். பின்னணி இசை ஓங்குகிறது. நீதி வென்றதாக அரங்கு கைதட்டுகிறது. அந்தப் பெண் சம்மதிக்கிறாளா என்று பஞ்சாயத்தில் யாரும் கேட்பதில்லை. அவளைச் சிதைத்தவனோடு வாழ்நாள் முழுவதும் ஒரே கூரையின் கீழ் இருக்கச் சொல்வதுதான் அந்த நீதி. நாட்டாமையின் தியாகத்தையே கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது.

இது வெறும் கதை என்று ஒதுக்க முடியாது. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டனை பெற்ற ஒருவருக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசுவதற்காக ஜாமீன் தந்தது. அந்தப் பெண் அதை ஏற்கவில்லை. ஜூலை தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், இத்தகைய குற்றங்களில் சமரசத்துக்கும் திருமணத்துக்கும் இடமே இல்லை என்று கடுமையாகச் சொன்னது. அதன் பிறகு சென்னை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அந்த உத்தரவுக்குக் காரணம் ஒரு திரைப்படம் என்று சொல்வது அபத்தம். ஆனால் ஆலமரத்தடியும் நீதிமன்றமும் ஒரே எண்ணத்தில் வந்து நின்றன என்றால், அந்த எண்ணம் ஊரில் எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது என்பது தெரிகிறது. ஊரில் ஊறியிருந்ததைப் படம் எடுத்து, மெருகேற்றி, நீதியின் உடையை உடுத்தித் திருப்பிக் கொடுத்தது.

மூன்றாவது வாதமான நகைச்சுவைதான் எல்லாவற்றிலும் வழுக்கலானது. 2007 ஜூனில் வந்த ஷங்கரின் 'சிவாஜி' படத்தில் இரண்டு சகோதரிகள் வருகிறார்கள். பட்டிமன்ற நடுவர் சாலமன் பாப்பையா அவர்களின் தந்தை. இருவர் முகத்திலும் கரிய ஒப்பனை. அவர்களைக் கண்டாலே நாயகன் தரப்பு அலறுகிறது. அதுதான் நகைச்சுவை, அது பல முறை திரும்ப வருகிறது. அவர்களுக்கு இட்ட பெயர்கள் அங்கவை, சங்கவை. பறம்பு மலையை ஆண்ட பாரியின் மகள்களுக்குத் தமிழ் மரபு வழங்கிய பெயர்கள். தந்தையையும் நாட்டையும் இழந்த அந்தப் பெண்கள் பாடியதாகப் புறநானூற்றில் நிற்கும் பாட்டு, தமிழில் எழுதப்பட்ட துயரங்களில் தலையாயது. அவர்களை மணக்க மன்னர்கள் மறுத்ததால் கபிலர் அலைந்த கதையும் மரபில் உண்டு. பெண் கொள்ள ஆளில்லை என்ற அந்தத் துயரத்தைத் தேடிப் பிடித்து, கறுப்பு நிறத்தோடு இணைத்துச் சிரிப்பாக்கியது படம். அப்போதே தமிழறிந்தவர்கள் வருந்திக் கண்டித்தார்கள். அதே படத்தில், நாயகி நிறத்தைக் குறையாகச் சொன்னதும் நாயகன் வெள்ளையாக மாறப் பாடுபடுகிறான். ஒரு பாடல் முழுக்கக் கணினி வரைகலையால் அவன் தோல் வெளுக்கப்பட்டது. அந்த ஆண்டின் சிறந்த சிறப்பு வரைகலைக்கான தேசிய விருது இந்தப் படத்துக்குக் கிடைத்தது. கறுப்பு நிறத்தோடேயே கோடிக்கணக்கானவர்களின் நாயகனான ஒருவருக்கு இந்தக் காட்சி தேவைப்பட்டதுதான் வேதனை. நிறத்துக்காகப் பெண் பார்க்கும் வீடுகளில் நிராகரிக்கப்பட்ட எத்தனையோ பெண்கள் அந்த அரங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

கவுண்டமணியும் செந்திலும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழருக்கு அளித்த மகிழ்ச்சி அளவிட முடியாதது. 1989-இல் 'கரகாட்டக்காரன்' ஓடிய ஓட்டத்தில் அந்த இணைக்குப் பெரும் பங்கு உண்டு. அதிகாரத்தையும் போலிப் பெருமையையும் கவுண்டமணி அளவுக்குக் குத்திக் கிழித்தவர் குறைவு. ஆனால் அதே நகைச்சுவையில் தலை, நிறம், வயிறு, உயரம் பற்றிய வசவும் எட்டி உதைப்பதும் இடையறாது வருகின்றன. முழுப் படத்தில் பார்க்கும்போது கதை அதைச் சற்று சமன் செய்யும். நகைச்சுவைச் சேனல்கள் அந்தத் துண்டுகளை மட்டும் நறுக்கி நாள் முழுக்க ஓடவிடும்போது சமன் போய்விடுகிறது. வசவு மட்டும் மிஞ்சுகிறது. அந்தத் துண்டுகளைப் பார்த்து வளரும் பிள்ளைகளின் வகுப்பில் கறுப்பான, குண்டான, குள்ளமான பிள்ளைக்குப் பட்டப்பெயர் தயாராக இருக்கிறது.

திருநர் விஷயத்தில் காலத்தைச் சாக்காகச் சொல்லவே முடியாது. தமிழ்நாடு 2008-இலேயே திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துத் தீர்ப்பளித்தது. ஒன்பது மாதம் கழித்து, 2015 பொங்கலுக்கு வந்த ஷங்கரின் 'ஐ' படத்தில் ஒப்பனைக் கலைஞர் ஓஸ்மா அருவருப்பின் உருவமாகக் காட்டப்பட்டார்; அவர் காதலே கேலிப்பொருளாகி, கடைசியில் வில்லத்தனமாகவும் ஆனது. அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் நிஜ வாழ்விலும் புகழ்பெற்ற ஒப்பனைக் கலைஞரான ஓஜஸ் ரஜனி. சென்னையில் திருநங்கையர் வீதிக்கு வந்து போராடினார்கள். இங்கே கர்நாடகம் பக்கம் திரும்பிப் பார்க்க நல்ல காரணம் இருக்கிறது. தமிழ்த் திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறான 'நான், வித்யா' நூலை அடிப்படையாகக் கொண்டு பி. எஸ். லிங்கதேவரு கன்னடத்தில் 'நானு அவனல்ல அவளு' எடுத்தார். அதில் நடித்த சஞ்சாரி விஜய் 2014-ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகர் தேசிய விருதைப் பெற்றார். தமிழ் வாழ்க்கையைக் கண்ணியத்தோடு திரையில் வைத்தது கன்னட சினிமா.

சந்தாபுரா போன்ற ஊரிலிருந்து பார்க்கும்போது இந்தப் பிரச்சினைக்கு இன்னொரு முகமும் தெரியும். பெங்களூரின் ஓசூர் சாலையில், பொம்மசந்திரா தொழிற்பேட்டையை ஒட்டி, தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் ஒரே தேநீர்க் கடையில் கலக்கும் இடம் இது. இங்கே தமிழர் சிறுபான்மை. கேலிக்குள்ளாவது என்றால் என்ன என்பதை அவர்கள் அறிவார்கள். 1968-இன் 'படோசன்' இந்தி சினிமாவின் மிகவும் நேசிக்கப்பட்ட நகைச்சுவைப் படம். அதில் மெஹ்மூத் குடுமியும் வேட்டியுமாக நடித்த மாஸ்டர் பிள்ளை, தமிழரைக் குரங்காட்டம் ஆட வைத்த பாத்திரம். 1990-இன் 'அக்னீபத்' படத்தில் மிதுன் சக்ரவர்த்தியின் கிருஷ்ணன் ஐயர் இளநீர் விற்றார். அந்த உச்சரிப்பு தெற்கத்தியார் எல்லோர் மேலும் ஒட்டிக்கொண்டது. வடக்கே வேலைக்குப் போன தமிழர் தலைமுறை 'மதராஸி' என்ற விளிப்பை இந்தப் படங்களின் குரலிலேயே கேட்டது. இதை உணர்ந்தவர்கள், தமிழ்ப் படங்களில் வட்டிக்குவிடும் சேட்டு எப்படிப் பேசுகிறார், மலையாளப் பெண் எப்படி உடுத்தி வருகிறார், வடமாநிலத் தொழிலாளி எந்தக் குற்றத்துக்காகக் காட்டப்படுகிறார் என்பதையும் அதே கண்ணால் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். பொம்மசந்திராவின் பட்டறைகளில் பக்கத்து மிஷினில் நிற்பவர் ஒடிசாக்காரராகவோ பீகார்க்காரராகவோ இருக்கலாம்.

இந்தப் படங்கள் எல்லை தாண்டியும் போயின. 'சின்ன கவுண்டர்' 1992-இல் கன்னடத்தில் ரவிச்சந்திரன் நடிக்க 'சிக்கெஜமான்ரு' ஆயிற்று. 'நாட்டாமை' 2002-இல் விஷ்ணுவர்தன் நடித்த 'சிம்ஹாத்ரிய சிம்ஹா' ஆயிற்று. 'தேவர் மகன்' 2006-இல் அம்பரீஷும் உபேந்திராவும் நடித்த 'தந்தெகெ தக்க மக' ஆயிற்று. சாதிப் பெயர்கள் தலைப்பிலிருந்து உதிர்ந்தன. எஜமானும் பஞ்சாயத்தும் கைகட்டி நிற்கும் ஊரும் அப்படியே வந்து சேர்ந்தன. பெயரை நீக்குவது எளிது என்பதற்கு இது சான்று.

தணிக்கைக் குழு சாதிப் பெயரை ஒலியடக்கம் செய்வதும் அதே வகைதான். உதடு அசையும், பெயர் கேட்காது, யார் நிற்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது திரையில் பளிச்சென்று தெரியும். தடை அதைவிட மோசம். 2003-இல் கமல் 'சண்டியர்' என்று அறிவித்த படத்தைப் புதிய தமிழகம் கட்சியின் டாக்டர் கிருஷ்ணசாமி எதிர்த்தார். அவர் கவலைக்குத் தென் மாவட்டங்களின் அனுபவம் பின்னணியாக இருந்தது. படம் 2004 பொங்கலுக்கு 'விருமாண்டி' என்ற பெயரில் வந்தது. உள்ளடக்கம் குறித்து நடந்திருக்க வேண்டிய பேச்சு, தலைப்பு மாறியதோடு நின்றுபோனது. கர்நாடகத்தில், சத்யராஜ் 2008-இல் காவிரிப் பிரச்சினையில் பேசிய பேச்சுக்காக 2017-இல் 'பாகுபலி 2' நிறுத்தப்படும் நிலை வந்து, அவர் வருத்தம் தெரிவித்த பின்னரே வெளியானது. 2025-இல் கன்னட மொழியின் பிறப்பு பற்றிய கமலின் பேச்சால் 'தக் லைஃப்' இங்கே திரைக்கு வரவில்லை. சான்றிதழ் பெற்ற படத்தைக் கும்பல்கள் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. அரங்கை மறிப்பவர்களுக்குப் படத்தில் என்ன இருக்கிறது என்பதில் அக்கறை இல்லை. மறியலால் யாரும் வேறு விதமாகப் பார்க்கக் கற்றதும் இல்லை.

பயன் தந்த வழிகள் வேறு. 1939-இன் 'கான் வித் தி விண்ட்' அடிமைமுறையை இனிப்பாகக் காட்டிய படம். 2020 ஜூனில் எச்பிஓ மேக்ஸ் தளம் அதைச் சில நாட்கள் எடுத்துவிட்டு, திரைப்பட அறிஞர் ஜாக்குலின் ஸ்டூவர்ட்டின் முன்னுரையோடு ஒரு காட்சியும் வெட்டாமல் மறுபடி வைத்தது. பழைய 'டாம் அண்ட் ஜெர்ரி' கார்ட்டூன்களுக்கு முன்னால் வார்னர் நிறுவனம் ஓர் அறிவிப்பு போட்டது: இந்தச் சித்தரிப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு, ஆனால் இவற்றை மறைத்தால் இப்படியொரு பாரபட்சம் இருந்ததையே மறுப்பதாகும் என்பது அதன் சாரம். இந்தியப் பார்வையாளருக்கு இது அந்நியமானதல்ல. 2012 அக்டோபர் முதல் புகையிலை எச்சரிக்கை படத்தின் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பின்னும் வருகிறது. அதனால் எந்தப் படமும் கெட்டுப்போகவில்லை. நுரையீரலுக்காகச் செய்ததைச் சக மனிதரின் மானத்துக்காகவும் தொலைக்காட்சிகளும் ஓடிடி தளங்களும் செய்யலாம். பழைய படங்கள் பெட்டியில் தூங்குவதில்லை என்பதால் இது அவசரமும்கூட. 2004-இன் 'கில்லி' 2024 ஏப்ரலில் மறுபடி திரைக்கு வந்து கூட்டம் கூட்டியது. ஒரு பெண்ணின் குடும்பத்தில் கொலை செய்து அவளை வலுக்கட்டாயமாக மணக்கத் துரத்தும் முத்துப்பாண்டியின் காதல் வசனத்துக்கு, படம் வந்தபோது பிறக்காத பிள்ளைகள் கூடவே கத்தினார்கள்.

எல்லாவற்றிலும் வலுவான வழி, படத்துக்குப் படத்தாலேயே பதில் சொல்வது. பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014), மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) ஆகியவை பழைய கிராமப் படங்களில் ஓரத்தில் நின்றவர்களை நடுவில் கொண்டுவந்து நிறுத்தின. 1993-இல் ஆர். வி. உதயகுமாரின் 'எஜமான்' படத்தில் ஊரே வணங்கும் வானவராயனாக வந்த ரஜினிகாந்த், 2018-இல் இரஞ்சித்தின் 'காலா' படத்தில் தாராவி மக்களின் தலைவனாகக் கறுப்பு உடையில் வந்தார். 'எஜமான்' படத்துக்குக் கட்-அவுட் வைத்த அதே மன்றங்கள் 'காலா' படத்துக்கும் வைத்தன. ரசிகர்கள் மாற மாட்டார்கள் என்று சொல்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பெங்களூரில் பிறந்து, இதே நகரத்தில் பேருந்து நடத்துநராக இருந்த ஒருவரின் திரை வாழ்க்கைக்குள்ளேயே இந்தத் தூரம் கடக்கப்பட்டது.

மன்றங்கள் செய்யக்கூடியவையும் எளியவை. விழாவில் எந்தப் பாடலை எந்தத் தெருவில் ஒலிபரப்புவது என்பது மன்றத்தின் கையில் இருக்கிறது. எந்தத் துண்டுக் காட்சியை நட்சத்திரத்தின் பிறந்தநாளுக்குப் பரப்புவது என்பதும் அப்படியே. ஓர் உறுப்பினர் இந்தக் காட்சி எனக்கு வலிக்கிறது என்று சொன்னால், அவர் உண்மையான ரசிகரா என்று விசாரணை நடத்தாமல் ஏன் வலிக்கிறது என்று கேட்கலாம். 2017-இல் விஜய் செய்தது போல், நட்சத்திரம் தாமே ஒரு வார்த்தை சொன்னால் நூறு கட்டுரைகளைவிட அது தூரம் போகும். ஆனால் வசை பாய்ந்து முடிந்த பிறகு வரும் வார்த்தையைவிட, முன்கூட்டியே வருவது மேல்.

இவை அனைத்துக்கும் படங்கள் முழுதாகக் கிடைக்க வேண்டும். தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இன்று இல்லை. மௌனப் பட காலம் ஏறக்குறைய முற்றாக அழிந்துவிட்டது. தமிழ்ச் சினிமாவின் கடந்த காலம் எவ்வளவு அலட்சியமாகத் தொலைக்கப்பட்டது என்பதை வரலாற்றாசிரியர் சு. தியடோர் பாஸ்கரன் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார். இழிவான காட்சியை வெட்டிய பிரதி மட்டும் மிஞ்சினால், காயப்பட்டவர் பொய் சொல்கிறார் என்று நாளை ஒருவர் சாதிக்க முடியும். அந்தந்தக் காலத்தில் யார் எதிர்த்தார், யார் ரசித்தார் என்பதற்கான சான்று பழைய இதழ்களின் விமர்சனங்களிலும் வாசகர் கடிதங்களிலும் இருக்கிறது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பாட்டுப் புத்தகங்களையும் சினிமா இதழ்களையும் காத்து வருகிறது. ரசிகர் மன்ற நோட்டீஸ்கள், சுவரொட்டிகள், மன்றக் கூட்டக் குறிப்பேடுகள் ஆகியவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் மிகக் குறைவு. பெங்களூரின் தமிழ் மன்றங்கள் பல பத்தாண்டுகளாக அச்சடித்தவை இன்னும் பரண்களில் கிடக்கக்கூடும். அவற்றைத் திரட்டிப் பொது நூலகம் ஒன்றில் சேர்ப்பது மன்றத்துக்காரர்களே தொடங்கக்கூடிய வேலை.